லிவர் இல்லாத வண்டி

சாவியைத் திருப்பினால் 'ர்ர்ர்' என்று அரைச் சுற்றுச் சுற்றி, சுவரில் முட்டியதுபோல 'டக்' என்று நின்றது. மறுபடி திருப்பினேன். அதே அரைச் சுற்று, அதே டக். மார்ச் மாதக் கடைசி. குளிர் முடிந்து புல் கணுக்காலுக்கு மேல் வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் முதல் வெட்டை முடித்துவிட்டார்கள். என் புல்வெட்டும் வண்டி மட்டும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து அடம்பிடித்தது.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலே நகருக்குத் தெற்கே. வீட்டோடு சேர்த்து முக்கால் ஏக்கர், நல்ல செம்மண். ஊரில் இந்த மண்ணில் கடலை போடுவார்கள். இங்கே நான் 'டால் ஃபெஸ்க்யூ' என்ற புல்லை வளர்த்து, வளர்ந்ததை வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டு வருகிறேன். நான்கு அங்குலத்துக்கு மேல் வளர விட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். இதற்கெல்லாம் யார் காரணம் என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். 1830இல் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பக்கம் எட்வின் படிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழையைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து, இதையே தரையில் உருட்டினால் புல்லைச் சீவலாமே என்று யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். எனக்குத்தான் வேலை வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு வருடம் தள்ளிக்கொண்டு போகும் 21 அங்குல மெஷினில்தான் வெட்டினேன். கணக்குப் போட்டால் ஒரு தரம் வெட்ட கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடை. ஜூலை வெயிலில் அது ஒரு பாதயாத்திரை. மூன்றாம் வருடம் 42 அங்குல அகலம் வெட்டும், மேலே உட்கார்ந்து ஓட்டும் ரைடிங் மோவர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், 19 குதிரைத்திறன், சிவப்பு வண்டி. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், ஓடினால்.

இந்த வண்டி கிளம்புவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. சீட்டில் ஆள் இருக்க வேண்டும், பிரேக் மிதித்திருக்க வேண்டும், பிளேடு ஓடும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். மூன்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. பிளேடு ஓடும்போது சீட்டைவிட்டு எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். இதைத் தொந்தரவு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு முன்னால் வைத்திருந்தவரும் அப்படித்தான் போல. வாங்கிவந்த அன்று சீட்டைத் தூக்கிப் பார்த்தால், சுவிட்சுக்குப் போகும் ஒயர் கனெக்டரில் பேப்பர் கிளிப் ஒன்றை வளைத்துச் செருகியிருந்தார். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பத்து டாலருக்குப் புது சுவிட்ச் வாங்கி மாட்டினேன். வண்டியில் நான் செய்த முதல் ரிப்பேர் அதுதான். காலுக்கடியில் சுற்றுவது வாள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பதின்மூன்று வயது மகன் ஓட்டக் கேட்கிறான். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமி 16 வயது ஆகட்டும் என்கிறது. நானும் அதையே சொல்லி, அவனிடம் ஏர் ஃபில்டரைக் கொடுத்துத் தட்டச் சொல்கிறேன்.

சரி, அந்த அரைச் சுற்றுக்கு வருகிறேன்.

சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்சுகள், ஒயர் என்று தேடலாம். 'டிக்' என்று ஒரே சத்தம் மட்டும் வந்தால் சோலனாய்டு, அதாவது பேட்டரி கரண்டை மோட்டாருக்கு விடும் கனமான சுவிட்ச். என் வண்டியில் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றத்தான் செய்தது, பாதியில் மூச்சு வாங்கியது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பேட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். சாவியைத் திருப்பும்போது 9க்குக் கீழே விழுந்தது. அப்படி விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம் என எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கிறது. போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தேன். மாட்டித் திருப்பினால், அரைச் சுற்றுக்குப் பதில் முக்கால் சுற்று. அப்புறம் டக்.

அடுத்து எர்த் ஒயர். ஃபிரேமில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினேன். முன்னேற்றம் இல்லை. சோலனாய்டின் இரண்டு கனமான போல்ட்டிலும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டு மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். 0.2 வோல்ட் காட்டியது. உள்ளே கான்டாக்ட் நன்றாக ஒட்டுகிறது என்று பொருள். கரிந்துபோயிருந்தால் அங்கேயே பல வோல்ட் தின்றிருக்கும். இது தெரிந்தும், இருபது டாலர்தானே என்று புது சோலனாய்டு வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை மத்தியானம், பசி, எரிச்சல். எதையாவது மாற்றினால் ஏதாவது நடக்கும் என்று கை பரபரத்தது.

கடைசியில் உருப்படியாக ஒன்று செய்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பம்பரமாகச் சுற்றியது. பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோலோ ஆயிலோ பீச்சி அடிக்கவும் இல்லை. அப்படியானால் பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டார் நன்றாக இருக்கிறது, உள்ளே எதுவும் இறுகவில்லை. காற்றை அமுக்கும் அந்த ஒரு இடத்தைத்தான் தாண்ட முடியவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் எண்பது டாலர் மிச்சம்.

அன்று ராத்திரி அப்பாவுடன் போனில் பேசும்போது இதைச் சொன்னேன். அப்பாவுக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் ஐந்து குதிரைத்திறன் ஆயில் இன்ஜினை வைத்துத் தண்ணீர் இறைத்தவர். ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டில் வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்கு லிவரு எங்க இருக்குது கண்ணு?" என்றார்.

"இதுக்கு லிவரெல்லாம் கிடையாதுங்கப்பா. சாவி போட்டாப் போதும்."

"லிவரத் தூக்காமச் சுத்துனா எப்படிச் சுத்தும்?"

புதுசு பற்றி அப்பாவுக்கு என்ன தெரியும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. ஆயில் இன்ஜினைக் கிளப்பும்போது அப்பா இடது கையால் தலைப்பக்கம் ஒரு சின்ன லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அது வால்வைத் திறந்து வைத்திருக்கும். காற்று அமுங்காமல் வெளியே போய்விடும், அதனால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லிவரைப் பட்டென்று விடுவார். 'டப்... டப்டப்' என்று புகை கிளம்பும். பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கும் இது தெரியும். ஆம்ப்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஹேண்டில்பாரில் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாகத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் உதைப்பார்கள். அரை லிட்டர் சிலிண்டரில் அடைபட்ட காற்றை நேருக்கு நேர் எதிர்த்துத் தள்ளக் காலுக்கும் தெம்பு இல்லை, ஒரு சின்ன செல்ஃப் மோட்டாருக்கும் தெம்பு இல்லை.

என் வண்டியின் சிலிண்டரும் அரை லிட்டருக்கு மேல்தான். அப்படியானால் லிவர் இருந்தே ஆக வேண்டும். கையேட்டைப் புரட்டினேன். இருந்தது, கண்ணுக்குத் தெரியாமல். உள்ளே, வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது காற்றை அமுக்கும் நேரத்தில் அந்த மேடு வால்வை ஒரு இழை திறந்து பிடிக்கும். இன்ஜின் கிளம்பி ஓட ஆரம்பித்ததும் அதனால் பாதிப்பில்லாமல் போய்விடும். அப்பா கையால் செய்ததைக் கேம் ஷாஃப்ட் தானாகச் செய்துகொள்கிறது.

அந்த மேடு மிகச் சின்னது, மயிரிழைக் கணக்கு. வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தேய்மானத்தில் கொஞ்சம் கூடிவிட்டால், மேடு தூக்கும் தூக்கெல்லாம் அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகிவிடும். வால்வு அசையாது. முழுக் காற்றும் உள்ளேயே அமுங்கும். மோட்டார் முட்டி நிற்கும், பேட்டரி வோல்ட் சரியும், வெளியிலிருந்து பார்ப்பவன் புது பேட்டரி வாங்கப் போவான். ஊர் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தால் பீடியை எடுக்காமலே "டேப்பட் லூஸு" என்றிருப்பார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பிளக் ஒயரைப் பிடுங்கி ஒதுக்கி வைத்தேன். இன்ஜின் முன்புறம் வால்வு மூடிக்கு நான்கு போல்ட். கழற்றினால் இரண்டு ராக்கரும் தெரியும். பிளக் ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டுக்கொண்டு மேலே உள்ள ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினேன். பிஸ்டன் மேலே வர ஸ்ட்ராவும் எழும்பும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் சமயத்தில் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டிக் கால் அங்குலம் இறங்க வேண்டும். உச்சியிலேயே நிறுத்தி அளந்தால் அந்த மேடு வால்வைத் தாங்கிக்கொண்டிருக்கும், அளவு தப்பாக வரும். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். நானும் முதல் தரம் விட்டேன்.

என் இன்ஜினுக்கு இன்டேக் வால்வில் 0.003 முதல் 0.005 அங்குலம், எக்ஸாஸ்டில் 0.005 முதல் 0.007 அங்குலம் இருக்க வேண்டும். 0.004 அங்குலம் என்பது ஒரு தலைமுடித் தடிமன். இடைவெளி அளக்கும் தகட்டுக் கட்டான ஃபீலர் கேஜில் 0.005 தகட்டை விட்டேன், கலகலவென்று ஆடியது. 0.010 விட்டேன், போனது. 0.015 தகடும் கொஞ்சம் உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. லாக் நட்டைத் தளர்த்தி, நடுத் திருகை இறுக்கி, தகடு வெண்ணெய்க்குள் போகும் கத்திபோல லேசான பிடிப்போடு போய்வரும்படி வைத்து, நட்டை மறுபடி முடுக்கினேன். முடுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும். மூன்று தரம் வைத்துத்தான் சரியாக நின்றது. மூடி, புது கேஸ்கெட், பிளக்.

சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது.

பழைய பேட்டரியை மறுபடி மாட்டிப் பார்த்தேன். அதிலும் கிளம்பியது. அது இன்னும் ஷெட்டு அலமாரியில் இருக்கிறது, 12.6 காட்டிக்கொண்டு. இப்படி வால்வு இடைவெளியைச் சரியாக வைத்தும் முட்டினால் கேம் ஷாஃப்டில் இருக்கும் அந்த அமைப்பே உடைந்திருக்கலாம். அப்போது இன்ஜினையே பிரிக்க வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை, முருகன் காப்பாற்றினார். அப்பாவுக்கு வீடியோவில் ராக்கரைக் காட்டினேன். "அட, லிவர உள்ள வெச்சுட்டானா" என்றார்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். இங்கே பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடந்தால் பெட்ரோலின் வீரியம் குறையும், பிறகு கார்புரேட்டருக்குள் வார்னிஷ்போல மஞ்சளாகப் படியும். 15 சதவீதம் கலந்தது கொஞ்சம் மலிவு, ஆனால் இந்தச் சின்ன இன்ஜின்களுக்கு அது கூடவே கூடாது. மெயின் ஜெட்டின் ஓட்டை ஊசி முனைபோல. அதில் ஒரு துளி பிசின் அடைத்தால் போதும், இன்ஜின் ஒரே சீராக ஓடாமல் பெருமூச்சுவிடுவதுபோல ஏறி ஏறி இறங்கும். சோக்கை இழுத்துவிட்டால் மட்டும் ஒழுங்காக ஓடும். இப்படி ஓடினால் வேறெங்கும் தேட வேண்டாம், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டைக் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழை விட்டுத் துடைக்கலாம். அடியில் பெட்ரோலை நிறுத்தும் சின்ன சோலனாய்டு வால்வு இருக்கும், சாவி போட்டால் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெட்ரோலே போகாது.

போன ஆகஸ்டில் இன்னொரு வேடிக்கை. சரியாக இருபது நிமிடம் ஓடும், நிற்கும். ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் கிளம்பும். சூடாகி நிற்கிறது என்று நினைத்துக் குடையெல்லாம் பிடித்தேன். காரணம் பெட்ரோல் டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஒரு நுண்ணிய வழி உண்டு, அது தூசியால் அடைத்துவிட்டது. டேங்க் வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்கவில்லை. நிற்கும்போது மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று இழுக்கும். அவ்வளவுதான் சோதனை.

ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒரு தரம் அல்லது வருடத்துக்கு ஒரு தரம் மாற்றுகிறேன், எஸ்ஏஇ 30. இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு ஒழுகுகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும்.

எலி தனிக் கதை. குளிர்காலத்தில் இன்ஜின் தலையில் உள்ள காற்றாடிக்கு அடியில் குடிவந்துவிடும். இரண்டாம் வருடம் மூடியைத் திறந்தால் ஓக் மரக் கொட்டைகள், பஞ்சு, என் பழைய கையுறையின் ஒரு விரல், எல்லாம் வைத்து அழகான வீடு. குளிர்விக்கும் துடுப்புகளை முழுக்க மூடியிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜின் வெந்திருக்கும். அந்துருண்டை வைத்துப் பார்த்தேன். மறுவாரம் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே கட்டியிருந்தது. இப்போது வருடா வருடம் முதல் சாவிக்கு முன்னால் அந்த மூடியைக் கழற்றுவதே முறை.

பிளேடு பற்றி எல்லாரும் தீட்டு தீட்டு என்பார்கள். எப்படித் தெரியும் என்றால் வண்டியைப் பார்க்க வேண்டாம், வெட்டி ஒரு நாள் கழித்துப் புல்லைப் பாருங்கள். நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால் சரி. கிழிந்து வெளுத்துப் பழுப்பாக இருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. நான் ராவித்தான் தீட்டுகிறேன். கிரைண்டரில் அழுத்திப் பிடித்தால் விளிம்பு நீலமாகிவிடும், பதம் போய்விடும். தீட்டியதும் சுவரில் அடித்த ஆணியில் நடு ஓட்டையை மாட்டிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும்.

இவ்வளவு சொல்கிறவன் ஒருமுறை இரண்டு பிளேடையும் தலைகீழாக மாட்டினேன். பிளேடின் பின் விளிம்பு இறக்கைபோல வளைந்திருக்கும், அது மேலே டெக்கை, அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த வளைவுதான் காற்றை உறிஞ்சிப் புல்லை எழுந்து நிற்க வைக்கிறது. நான் அரை மணி நேரம் ஓட்டினேன். புல் வெட்டுப்படாமல், சீவிவிட்ட தலைபோலப் படுத்துக்கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, கட்டைவிரலைக் கீழே காட்டியிருந்த கையை மெதுவாக மேலே திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்.

வெட்டு ஒரு பக்கம் உயரம் ஒரு பக்கம் தாழ்வு என்று வந்தால் டெக்கில் கை வைப்பதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். என் வண்டிக்கு முன்னால் 14, பின்னால் 10 பிஎஸ்ஐ. பின் டயர் ஒன்றில் காற்று குறைந்ததற்காக ஒரு முழு மாலை டெக் போல்ட்டுகளைத் திருகிக்கொண்டிருந்தவன் சொல்கிறேன். காற்று சரியான பிறகு, பிளேடு முனையிலிருந்து சமதரைக்கு அளக்க வேண்டும். இடம் வலம் சமம். முன்பக்கம் மட்டும் பின்பக்கத்தைவிடக் கால் அங்குலம் போலத் தாழ்ந்திருக்கட்டும். இன்னொன்று, வெட்டும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க ஏற்றிவிடுங்கள். பாதியில் ஓட்டினால் வண்டிக்கு நல்லது என்று நினைப்பது நம்மவர் குணம். பிளேடு வேகமும் குளிர்விக்கும் காற்றும் முழு வேகத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தவை.

இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை என்றால், பின்புறம் கீழே ஒரு சின்னக் கம்பி இருக்கும். கையால் தள்ளுவதற்காக கியரை விடுவிக்கும் கம்பி. ஷெட்டிலிருந்து தள்ளியவர் அதை உள்ளே தள்ள மறந்திருப்பார். எங்கள் வீட்டில் அது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டு வாரமாக பிளேடைப் போட்டால் இடதுபக்கம் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிளேடைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தேன், உள்ளே மணல் அரைபடுவதுபோல இருக்கிறது. கிரீஸ் அடித்தேன், ஒரு நாள் அடங்கியது. பேரிங் போய்விட்டது, சந்தேகமில்லை. புது ஸ்பிண்டில் வியாழக்கிழமை வருகிறது. சனிக்கிழமை டெக்கை இறக்க வேண்டும், மழை இல்லையென்றால்.